இரவுப் பணியும் உடலுக்குள் ஓடும் கடிகாரமும்

அன்புள்ள மகளுக்கு,

செவிலியர் படிப்பை முடித்து வார்டுக்குள் காலடி வைக்கும் இளம்பெண்களுக்கு மூத்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல், 'நைட் டூட்டி முதலில் சிரமமாகத்தான் இருக்கும், போகப்போகப் பழகிவிடும்' என்பது. அன்போடு சொல்லப்பட்டாலும் இது உண்மையன்று, தீங்கும் விளைவிக்கிறது. பல ஆண்டுகள் கழிந்தும் விடியற்காலையில் கண் சொக்குவதையும் பகல் தூக்கம் பாதியில் அறுந்துபோவதையும் காணும் செவிலியர், குறை தம் மனவுறுதியில்தான் என்று எண்ணித் தம்மையே நொந்துகொள்ள இது இடம் தருகிறது. வேலை பழகும், விழித்திருக்கும் உத்திகளும் பழகும். ஆனால் காலை வெயிலில் வீடு திரும்பி, விடுப்பு நாளில் வீட்டாரோடு சேர்ந்து இரவில் உறங்கும் ஒருவரின் உடல் இரவைப் பகலாக முழுமையாக ஏற்றுக்கொள்வது அரிது.

இதற்கான காரணம் மூளைக்குள் இருக்கிறது. இரு பார்வை நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸ் எனப்படும் பகுதியில், ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு திரள் ஒன்று உண்டு. உறக்கம், உடல்வெப்பம், சுரப்புகள், செரிமானம் ஆகியவற்றின் அன்றாட ஏற்ற இறக்கங்களை ஒழுங்குபடுத்துவது இதுவே. ஏறக்குறைய 24 மணிநேரத்துக்கு ஒருமுறை சுழலும் இவ்வுள்ளியக்கத்தை உயிர்க்கடிகாரம் என்பர். மருத்துவமனை வளாகத்துத் தூங்குமூஞ்சி மரம் அந்தியில் இலைகளைக் கூப்பிக்கொள்வதிலும் இவ்வகை இயக்கத்தைக் காணலாம். இதன் மரபணு நுட்பத்தைப் பழ ஈக்களில் கண்டறிந்தமைக்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவர் 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர். மனிதரிடத்தில் இதன் சுற்று சராசரியாக 24 மணிநேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல் என்பதால் நாள்தோறும் அதைத் திருத்தி வைக்க வேண்டியிருக்கிறது. அதைச் செய்வது வெளிச்சம். இருள் கவிந்ததும் பினியல் சுரப்பி மெலடோனின் என்னும் சுரப்பைக் குருதியில் விட்டு, இரவு வந்ததை உடலுக்கு அறிவிக்கிறது. விழித்திரையில் நீல ஒளியைச் சிறப்பாக உணரும் அணுக்கள் வெளிச்சத்தைக் கண்டதும் அச்சுரப்பை அடக்கிவிடுகின்றன.

உடல்வெப்பமும் கவனக்கூர்மையும் ஒருங்கே தாழ்வது பொதுவாக அதிகாலை 3 மணிக்கும் 6 மணிக்கும் இடையே. வார்டில் வேலை குவிவதும் அந்நேரத்தில்தான்: குருதி மாதிரி எடுத்தல், இரத்த அழுத்தம் குறித்தல், இரவு முழுவதும் ஏற்றிய நீரையும் வெளியேறிய சிறுநீரையும் கூட்டி எழுதுதல், காலை இன்சுலின் ஊசிக்கு ஆயத்தமாதல். இவற்றுள் இன்சுலினைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். இந்தியாவில் அது ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு, 100 அலகு என இரு செறிவுகளில் குப்பிகளில் கிடைக்கிறது; ஒவ்வொன்றுக்கும் தனிச் சிரிஞ்சு உண்டு. 40க்கு உரியதன் மூடி சிவப்பு, 100க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. மங்கிய விளக்கொளியில், சொக்கிய கண்ணுக்கு இவ்விரு நிறங்களும் ஒன்றாகத் தெரிந்தால் வியப்பதற்கில்லை. 100 அலகு மருந்தை 40க்குரிய சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால், நோயாளியின் உடலில் ஏறுவது 25 அலகு. சர்க்கரை தாழ்ந்து அவர் நினைவிழக்க அது போதும். தொடர்ந்து 17 மணிநேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுவதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான டாசனும் ரீடும் 1997இல் காட்டினர்; இந்திய மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு வகுத்துள்ள வரம்போ 0.03 விழுக்காடுதான். எனவே, அந்நேரத்தில் அளவு கணக்கிட வேண்டிய மருந்து எதையும் இன்னொருவரிடம் காட்டி, அளவை வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது எத்தனை ஆண்டு அனுபவம் உடையவருக்கும் உரிய முறையாகும். பணி முடிந்ததும் ஸ்கூட்டியை எடுப்பவருக்கும் அதே கணக்குப் பொருந்தும். கண் திறந்திருக்கும்போதே சில நொடிகள் மூளை உறங்கிவிடும் நுண்ணுறக்கம் சாலையில் உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால், பேருந்தோ, அழைத்துச்செல்ல வரும் ஆளோ அமைவது நல்லது.

முதல் இரவுக்கு முன், பிற்பகலில் ஒன்றரை மணிநேரம் உறங்கிவிட்டுப் புறப்படுவது பெரிதும் கைகொடுக்கும். பணியிடையே 20 நிமிடக் கண்ணயர்வும் பயன் தரும். அதற்கு மேல் நீண்டால், எழுந்தபின் சிறிது நேரம் அறிவு தெளியாத உறக்க மந்தம் ஏற்படும். ஜப்பானில் நீண்ட இரவுப் பணியில் உள்ள செவிலியருக்கு முறை வைத்து உறங்க நேரம் ஒதுக்குவது வழக்கம். இங்கு நாற்காலியில் கண்ணயர்ந்தாலே விளக்கம் கேட்கும் மருத்துவமனைகள் இருப்பது வருந்தத்தக்கது. அந்த 20 நிமிடம் நோயாளியின் பாதுகாப்புக்கும் உரியது.

தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபீன் களைப்பை அகற்றுவதில்லை, அதை மறைக்கிறது. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் சேர்ந்து தூக்கத்தைத் தூண்டும் அடினோசின் என்னும் பொருளின் வேலையை அது தடுக்கிறது. அருந்திய காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் 5 மணிநேரம் ஆகும். கருவுற்றவருக்கும் கருத்தடை மாத்திரை உண்பவருக்கும் இன்னும் நீளும். இரவு 2 மணிக்குப் பின் அதைத் தவிர்ப்பது நலம். 5 மணிக்கு வரும் சூடான தேநீர்தான் காலைத் தூக்கத்தைக் கெடுப்பது. உணவும் அவ்வாறே: அமெரிக்காவில் 19 பேரை இரவுப் பணி போன்ற சூழலில் வைத்து நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், இரவிலும் உண்டவர்களின் இரத்தச் சர்க்கரை சராசரியாக 6.4 விழுக்காடு உயர்ந்தது. பகலில் மட்டும் உண்டவர்களுக்கு அவ்வாறு உயரவில்லை. பணிக்குப் புறப்படுமுன் முழு உணவு, நள்ளிரவில் பசித்தால் மோரோ சுண்டலோ, வீடு திரும்பியதும் பசி எழுப்பாதபடி இரண்டு இட்லி என்ற ஒழுங்கு இவ்வாய்வின் போக்குக்கு ஒத்தது.

பகல் தூக்கம் வாய்ப்பதுதான், மகளே, யாவற்றினும் கடினம். அதில் பாதியே உடலைப் பொறுத்தது. திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி அணிந்தால் காலை வெயில் கடிகாரத்தை உசுப்புவது குறையும்; சன்னலுக்கு அடர்த்தியான திரையும், காய்கறி வண்டியின் ஒலிபெருக்கிக்கும் பக்கத்து வீட்டு மிக்சிக்கும் காதடைப்பானும் உதவும். ஆனால் 'பகல் முழுக்க வீட்டில்தானே இருக்கிறாள்' என்று கருதும் குடும்பத்தில் எந்தத் திரையும் பயன்படாது. சிலிண்டர் வாங்கி வைப்பது, மதியச் சமையல், குழந்தையை அழைத்துவருவது, வந்த உறவினரோடு பேசுவது என்று இந்நாட்டுச் செவிலியரின் பகல் கூறுபோடப்படுகிறது. நள்ளிரவு 1 மணிக்கு யாரும் அவரை எழுப்பிச் சோறு வடிக்கச் சொல்லார் எனில், காலை 9 முதல் பிற்பகல் 2 வரை உள்ள நேரத்துக்கும் அதே மதிப்பு உரியது என்பதை வீட்டாரிடம் முதல் மாதத்திலேயே பேசிவைப்பது இன்றியமையாதது. மீதத் தூக்கத்தை மாலையில் ஒரு மணிநேரமாக ஈடுசெய்யலாம்.

புற்றுநோய் பற்றிய அச்சமும் எழக்கூடும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும், மீண்டும் 2019இலும், இரவுப் பணியை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்கவற்றின் வரிசையில் வைத்தது. அப்பிரிவு சான்றின் வலிமையைக் குறிப்பதேயன்றி ஆபத்தின் அளவைக் குறிப்பதன்று. 1976இல் அமெரிக்காவில் தொடங்கிய செவிலியர் நல ஆய்வில், 30 ஆண்டுகளுக்கு மேல் சுழல்முறை இரவுப் பணி பார்த்தோரிடம் மார்பகப் புற்றுநோய் மிகுந்திருந்தது. பிற ஆய்வுகள் யாவும் ஒரே முடிவைத் தரவில்லை. நெடுங்காலம் இரவுப் பணியாற்றி அந்நோய்க்கு ஆளான செவிலியர் சிலருக்கு டென்மார்க் இழப்பீடு வழங்கியது.

பணிப்பட்டியலில் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலும் முறை உடலுக்கு எளிது. கடிகாரத்தின் இயல்பான சுற்று சற்று நீண்டதாகையால், தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது அதற்கு இசையும், முன்னுக்கு இழுப்பது இசையாது. கடைசி இரவை அடுத்து இரண்டு இரவுகளேனும் வீட்டில் உறங்கிய பிறகே காலைப் பணி அமைய வேண்டும். கருவுற்றவரும், நீரிழிவு உள்ளவரும், தூக்கம் கெட்டால் வலிப்பு வரக்கூடியவரும் பட்டியல் எழுதப்படும் முன்பே மருத்துவச் சான்றுடன் செவிலியர் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் தெரிவித்து, இரவுப் பணியிலிருந்து விலக்குக் கேட்கலாம்.

அன்புடன்,
பெரியம்மா