அரிசியில் வண்டு: எதற்குப் பயப்பட வேண்டும்?



மலிவு விற்பனையில் பெரிய அரிசிப் பையாக இரண்டை வாங்கி நிலவறையில் வைக்கிறோம். இரண்டு மாதம் கழித்துப் பையைத் திறந்தால் கபில நிறத்தில் சிறு வண்டுகள் ஊர்ந்து திரிகின்றன. பயற்றுப் போத்தலின் அடியில் மா போலத் தூள் படிந்திருக்கிறது. "இவ்வளவு சுத்தமாக வைத்திருந்தும் எங்கிருந்து வந்தது?" என்று மனம் நோகிறது. கனடாவில் வாழும் எமது குடும்பங்களில் இந்த அனுபவம் இல்லாதவர்கள் குறைவு.

இந்த வண்டுகள் எங்கிருந்து வருகின்றன, அவற்றால் உடலுக்குக் கேடு உண்டா, அவற்றைப் பாதுகாப்பாக எப்படி அகற்றலாம் என்பவற்றை இந்த இதழில் பார்ப்போம். முக்கியமாக, எதை ஒருபோதும் செய்யக்கூடாது என்பதையும் பார்ப்போம்.

வண்டு எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் அது நாம் வாங்கிய தானியத்துக்குள்ளேயே வருகிறது. பெண் அரிசி வண்டு தன் நீண்ட மூக்கினால் அரிசி மணியில் சிறு துளையிட்டு, அதற்குள் ஒரு முட்டையை இட்டு, துளையைப் பசை போன்ற பொருளால் மூடிவிடும். தன் வாழ்நாளில் அது 300க்கும் அதிகமான முட்டைகளை இடக்கூடியது. புழு மணிக்குள்ளேயே வளர்ந்து, வெப்பமான சூழலில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளிவரும். அதனால்தான் வாங்கிய அன்று சுத்தமாகத் தெரிந்த அரிசியில் பின்னர் வண்டு தோன்றுகிறது. குளிர்காலத்திலும் எமது வீடுகள் சூடாக இருப்பதால் அதன் வளர்ச்சி நிற்பதில்லை.

பயறு, கௌபி, கொண்டைக்கடலை ஆகியவற்றைத் தாக்குவது பயற்று வண்டு. இது வயலிலேயே முற்றிய காய்களில் முட்டையிடத் தொடங்கும். பயற்றின் மேல் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை அதன் முட்டைகள். உடைத்துத் தோல் நீக்கிய பருப்பில் இது இலகுவாகப் பெருகாது. மாவில் திரிவது செந்நிற மா வண்டு. அரிசியிலும் உலர்ந்த பழங்களிலும் நூல் வலை பின்னுவது அந்துப்பூச்சியின் புழு.

உடலுக்குக் கேடா?

அரிசி வண்டு கடிக்காது; அதில் நஞ்சும் இல்லை. தெரியாமல் ஓரிரண்டு சோற்றுடன் போய்விட்டால் பயப்பட வேண்டாம். அரிசியைக் கழுவும்போது வண்டுகளும் கோதான மணிகளும் மிதக்கும். அவற்றை வடித்துவிட்டுச் சமைக்கலாம்.

ஆனால் மூன்று விடயங்களில் கவனம் தேவை. முதலாவது, வண்டு பெருகிய தானியத்தின் தூசு ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தொல்லை தரலாம். இரண்டாவது, மா வண்டு துர்நாற்றமுள்ள இரசாயனங்களைச் சுரக்கும்; அதிகம் பெருகினால் மா இளஞ்சிவப்பு நிறமாகக்கூட மாறும். அத்தகைய மாவை அரித்துப் பாவிக்காமல் எறிந்துவிடுங்கள். மூன்றாவது, பூச்சிகள் பெருகும்போது தானியத்தில் சூடும் ஈரமும் கூடிப் பூஞ்சணம் பிடிக்க வழி ஏற்படும். சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் அஃப்ளாரொக்சின் என்ற நஞ்சு ஈரலைப் பாதிக்கும். கழுவினாலும் சமைத்தாலும் அது முற்றாக நீங்காது. பூஞ்சண மணம் வீசும் தானியத்தை, விலையைப் பார்க்காமல் எறிந்துவிட வேண்டும்.

உண்மையான ஆபத்து: "மாத்திரை"

எமது ஊர்களில் நெல், அரிசிக் களஞ்சியங்களில் வண்டுக்கு வைக்கும் மாத்திரையைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் அலுமினியம் பொஸ்பைட். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அது பொஸ்பீன் என்ற நச்சு வாயுவை வெளிவிடும். உடலின் கலங்கள் ஒட்சிசனைப் பயன்படுத்த முடியாமல் தடுத்து, இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும் வாயு இது. இதற்கு மாற்று மருந்து கிடையாது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 3 கிராம் எடையுள்ள ஒரு மாத்திரை 1 கிராம் பொஸ்பீனை வெளிவிடும். களஞ்சியத்தில் ஒரு தொன் தானியத்துக்கு, அதாவது 1000 கிலோவுக்கு, இரண்டு அல்லது மூன்று மாத்திரைகளே வைக்கிறார்கள். அதையும் காற்றுப் புகாத விரிப்பால் மூடி, ஆட்கள் நுழையாமல் பல நாட்கள் வைத்து, பின்னர் காற்றோட்டம் கொடுத்தே திறப்பார்கள். அதே ஒரு மாத்திரையை 30 கனமீற்றர் கொள்ளளவுள்ள மூடிய படுக்கை அறையில் வைத்தால், காற்றில் பொஸ்பீன் பத்து இலட்சத்தில் 24 பங்கு வரை சேரலாம். அமெரிக்கத் தொழிலிடங்களில் அனுமதிக்கப்பட்ட அளவு 0.3 பங்கு மட்டுமே. ஏறத்தாழ 80 மடங்கு!

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2015 பெப்ரவரியில் அல்பேர்ட்டாவின் போர்ட் மக்மறியில், வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த இந்த மாத்திரைகளை ஒரு குடும்பத்தினர் மூட்டைப்பூச்சிக்காக வீட்டுக்குள் வைத்தார்கள். இரண்டு சிறு பிள்ளைகள் உயிரிழந்தார்கள். 2017 ஜனவரியில் ரெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோவில், வீட்டின் அடியில் போட்டிருந்த மாத்திரைகளின் மேல் தண்ணீர் பட்டதால் வாயு கிளம்பி நான்கு பிள்ளைகள் இறந்தார்கள். யாரும் தீங்கு நினைத்துச் செய்யவில்லை. பூச்சியை ஒழிக்கவே விரும்பினார்கள்.

கனடாவில் இந்த மாத்திரையை உரிமம் பெற்ற தொழில்வல்லுநர்கள் மட்டுமே கையாளலாம். எனவே ஊருக்குப் போய்வரும்போது எக்காரணம் கொண்டும் கொண்டு வராதீர்கள். உறவினர்கள் அன்பாக அனுப்பும் அரிசிமா, மிளகாய்ப் பொதிகளுக்குள் "வண்டு பிடிக்காமல்" என்று இதை வைத்துவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. குளிர் வையுங்கள். வாங்கிய அரிசி, பயறு, ரவை, மா ஆகியவற்றைச் சிறு பொதிகளாக்கி பிறீசரில் -18 பாகை செல்சியஸில் 4 நாட்கள் வையுங்கள். முட்டை, புழு, வண்டு யாவும் இறக்கும். பெரிய பையை அப்படியே வைத்தால் நடுப்பகுதி குளிர அதிக நாள் எடுக்கும். வெளியே எடுத்ததும் பொதியை உடனே திறக்காமல், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் ஈரம் பிடிக்காது. கராஜில் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். அங்கே குளிர் ஏறி இறங்குவதால் நம்ப முடியாது.

2. இறுக்க மூடுங்கள். கண்ணாடி, உலோகம், அல்லது தடித்த பிளாஸ்டிக் கொள்கலன்களில் வையுங்கள். மெல்லிய பொலித்தீன் பையைப் பூச்சிகள் துளைத்துவிடும்.

3. பழையதன் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். கொள்கலனை வெறுமையாக்கி, கழுவி, நன்கு காயவிட்ட பின் நிரப்புங்கள். இரண்டு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்.

4. முழுப் பயற்றுக்கு எண்ணெய். ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி (5 மில்லிலீற்றர்) சமையல் எண்ணெய் பூசினால் பயற்று வண்டின் முட்டைகள் பெரும்பாலும் பொரியாது. அம்மம்மாமார் செய்த இந்த முறையை ஆய்வுகளும் சரியென்று காட்டியுள்ளன.

5. வேப்பிலை, செத்தல் மிளகாய், வசம்பு. இவை பூச்சியை ஓரளவு விலக்கலாம். மணிக்குள் இருக்கும் புழுவைக் கொல்லாது. வசம்பை உணவுத் தானியத்துடன் நேரடியாகக் கலக்க வேண்டாம்.

6. அலுமாரியில் பூச்சி மருந்து தெளிக்காதீர்கள். மூலை முடுக்குகளை வெற்றிடத் துப்புரவுக் கருவியால் உறிஞ்சி, சவர்க்கார நீரால் துடைத்தால் போதும். உறிஞ்சிய பையை உடனே வெளியே எறியுங்கள்.

அவசர வேளையில்

வீட்டில் அந்த மாத்திரை இருப்பது தெரிய வந்தால் தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பிள்ளைகளுடன் உடனே வெளியேறி 911ஐ அழையுங்கள். உள்ளி அல்லது அழுகிய மீன் போன்ற மணம் வரலாம். மணம் இல்லாவிட்டாலும் ஆபத்து இருக்கலாம். தலையிடி, வாந்தி, இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம் ஆகியவை அறிகுறிகள். ஒரே வீட்டில் பலருக்கு ஒன்றாக வாந்தி வந்தால் "ஏதோ சாப்பாடு ஒத்துவரவில்லை" என்று காத்திருக்க வேண்டாம். கனடாவின் நச்சு ஆலோசனை நிலைய இலக்கம் 1-844-764-7669. இதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

வண்டு பிடித்த அரிசியை எறிந்தால் எமக்கு நட்டம் சில டொலர்கள் மட்டுமே. அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசியில் கதைக்கும்போது மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள். வருமுன் காப்போம், நலமுடன் வாழ்வோம்.