நாற்பதாயிரம் ரூபாய்க்குள் ஒரு விளையாட்டுக் கணினி: ஐந்து பாடவேளைகளில் ஒரு செயல்திட்டம்

பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் 'கணினி அமைப்பு' பாடத்தை நடத்தும்போது செயலி, நினைவகம், தாய்ப்பலகை எல்லாம் மாணவர்களுக்கு வரையறைகளாகவே நின்றுவிடுகின்றன. தேர்வில் எழுதுகிறார்கள், ஒரு கணினியைத் திறந்து வைத்தால் எது எதுவென்று தயங்குகிறார்கள். ஆனால் அதே மாணவர்கள் விளையாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த முடிவதில்லை. இந்த ஆர்வத்தைப் பாடத்துக்குக் கொண்டுவர, சதுரங்கப்பட்டினத்தில் உள்ள எங்கள் பள்ளியில் 2023-24 கல்வியாண்டில் நான் செய்து பார்த்த செயல்திட்டம் இது. கணினி அறிவியல் ஆசிரியர்கள் மட்டுமன்றி, கணிதம், அறிவியல் ஆசிரியர்களும் தங்கள் வகுப்புக்கேற்ப இதைப் பயன்படுத்தலாம்.

இதற்கு ஓர் உடனடிக் காரணமும் இருந்தது. மாணவர் ஒருவர், வீட்டில் சிறுகச் சிறுகச் சேர்த்த நாற்பதாயிரம் ரூபாயில் விளையாட்டுக் கணினி வாங்க ஒரு கடையில் விலைப்பட்டியல் வாங்கி வந்திருந்தார். மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு மாதம் வருமானம் நிற்கும் குடும்பம் அது. அந்தப் பணம் இன்னொரு முறை சேர்வது எளிதல்ல. மாணவர், பெற்றோர் இருவரின் சம்மதத்துடன், பெயரைச் சொல்லாமல் அந்தப் பட்டியலையே வகுப்பின் பாடப்பொருளாக எடுத்துக்கொண்டோம்.

கற்றல் நோக்கங்கள்

1. கணினியின் ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது, எந்தப் பாகம் எதோடு பொருந்தும் என்பதை விளக்குதல்.
2. வரம்புக்குட்பட்ட தொகையைத் தேவைக்கேற்பப் பிரித்தல்.
3. சரக்கு மற்றும் சேவை வரி, மின்திறன், அரிமானம் ஆகியவற்றை ஓர் உண்மைச் சூழலில் பயன்படுத்துதல்.

தேவையான பொருள்கள்: பழுதான பழைய கணினி ஒன்று, நட்டு கழற்றும் திருப்புளி, கரும்பலகை, விலைப்பட்டியல் நகல்.

முதல் பாடவேளை: விளையாட்டிலிருந்து தொடங்குதல்

எந்தப் பாகம் வாங்குவது என்று தொடங்காமல், என்ன விளையாடப் போகிறோம் என்று தொடங்கினோம். மாணவர்கள் சொன்ன விளையாட்டுகளைக் கரும்பலகையில் எழுதி மூன்றாகப் பிரித்தோம்.

முதல் வகை சதுரங்கம். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நமக்கு அருகிலுள்ள மாமல்லபுரத்தில் நடந்ததால், எங்கள் மாணவர்களில் பலருக்கு இது பழக்கமான விளையாட்டு. 1997-இல் உலக வாகையர் காஸ்பரோவைத் தோற்கடித்த ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ, அதற்கென்றே செய்யப்பட்ட மாபெரும் இயந்திரம். நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை ஆராயும் திறன் அதற்கு இருந்தது. இன்று ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச மென்பொருள் சாதாரண மடிக்கணினியிலேயே அதைவிட வலிமையாக ஆடுகிறது. அது செயலியைக் கொண்டே இயங்குவது. வரைகலை அட்டை தேவையில்லை. எனவே சதுரங்கம் மட்டும் ஆட நினைப்பவருக்கு இந்தச் செலவே தேவையில்லை என்பது முதல் முடிவு.

இரண்டாம் வகை, மைன்கிராஃப்ட், வேலோரன்ட் போன்ற நடுத்தரத் தேவையுள்ள விளையாட்டுகள். மூன்றாம் வகை, தனி வரைகலை அட்டை இல்லாமல் தடுமாறும் புதிய பெரிய விளையாட்டுகள். அந்த மாணவர் குறித்திருந்தவை இரண்டாம் வகையில் இருந்தன. இந்த ஒரு பிரிப்பிலேயே வாங்க வேண்டியவற்றின் பட்டியல் பாதியாகச் சுருங்கியது.

இரண்டாம் பாடவேளை: திரைக்குள் இருக்கும் கணக்கு

திரையில் தெரியும் படம் புள்ளிகளால் ஆனது. 1366 × 768 திரையில் 10,49,088 புள்ளிகள். 1920 × 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். ஏறக்குறைய இரு மடங்கு. நொடிக்கு 60 படம் காட்ட வேண்டுமானால், 20,73,600 × 60 = 12,44,16,000. அதாவது நொடிக்கு 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகள். ஒரு படத்தை வரையக் கிடைக்கும் நேரம் 1000 ÷ 60, சுமார் 16.7 மில்லி நொடி.

விலைப்பட்டியலில் இருந்தது நொடிக்கு 144 படம் காட்டும் திரை. 20,73,600 × 144 = 29,85,98,400. கிட்டத்தட்ட 30 கோடிப் புள்ளிகளை நொடிதோறும் வரைந்து தரும் பாகம் பெட்டிக்குள் இருந்தால்தான் அந்தத் திரைக்குக் கொடுத்த பணத்துக்குப் பயன். "அகலமான குழாய் போட்டுட்டு சின்ன மோட்டார் வைக்கிற மாதிரி சார்" என்று ஒரு மாணவி சொன்னது, என் விளக்கத்தைவிட வகுப்புக்கு நன்றாகப் புரிந்தது.

மூன்றாம் பாடவேளை: எது எதோடு பொருந்தும்?

பழுதான கணினியைத் திறந்து, பாகங்களைக் கையில் கொடுத்து இந்தப் பாடவேளையை நடத்தினேன். மாணவர்கள் எழுதிக்கொண்ட விதிகள் நான்கு.

ஒன்று, செயலியும் தாய்ப்பலகையும் ஒரே வகைப் பொருத்தியைக் கொண்டிருக்க வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 பொருத்திக்கான செயலி, அதன் அடுத்த தலைமுறையான ஏ.எம்.5 பலகையில் உட்காராது. இன்டெல் 12-ஆம் தலைமுறைச் செயலிக்கு எல்.ஜி.ஏ.1700 பொருத்தி தேவை.

இரண்டு, பலகைக்கேற்ற நினைவகம். ஏ.எம்.4 பலகை டி.டி.ஆர்.4 வகையை ஏற்கும், ஏ.எம்.5 பலகை டி.டி.ஆர்.5 வகையை மட்டுமே ஏற்கும். எல்.ஜி.ஏ.1700 பலகைகளில் இரண்டு வகையும் உண்டு என்பதால் பலகையின் பெயரை முழுமையாகப் படிக்க வேண்டும்.

மூன்று, படத்தை வரைவது யார்? சில செயலிகளுக்குள்ளேயே வரைகலைப் பகுதி இருக்கும். இன்டெல் செயலியின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் அந்தப் பகுதி அதில் இல்லை; தனி வரைகலை அட்டை கட்டாயம்.

நான்கு, எல்லாப் பாகத்துக்கும் போதுமான மின்சாரம். கடையில் எஸ்.எம்.பி.எஸ். என்று கேட்டு வாங்கும் மின்வழங்கியின் திறனையும் தரத்தையும் பார்க்க வேண்டும்.

இந்த நான்கு விதிகளையும் எழுதிய பிறகு விலைப்பட்டியலைக் குழுக்களிடம் கொடுத்தேன். வகுப்பு வசதிக்காக முழு எண்களாக்கிய தொகைகள் இவை.

ஐ3-12100எஃப் செயலி – ரூ. 8,500
தாய்ப்பலகை – ரூ. 7,500
8 ஜி.பி. நினைவகம், ஒன்று – ரூ. 2,000
1 டி.பி. ஹார்ட் டிஸ்க் – ரூ. 3,500
பெயர் குறிப்பிடாத 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். – ரூ. 1,200
வண்ண விளக்குக் கேபினட் – ரூ. 5,500
144 படத் திரை – ரூ. 10,500
விசைப்பலகை, மவுஸ் – ரூ. 1,300
மொத்தம் – ரூ. 40,000

பத்து நிமிடத்தில் ஒரு குழுவிலிருந்து குரல் வந்தது: "சார், இதுல கிராஃபிக்ஸ் கார்டே இல்லையே. செயலி 'எஃப்'னு முடியுது. படமே வராதே!" சரியான கண்டுபிடிப்பு. கேபினட்டும் திரையும் சேர்ந்து 16,000 ரூபாய். மொத்தத்தில் 40 விழுக்காடு. ஆனால் கணினியை இயக்கினால் திரை கறுப்பாகவே இருக்கும். பிறகு வரைகலை அட்டைக்கு இன்னொரு பெருந்தொகை தேட வேண்டும். பெயரின் கடைசி எழுத்தைப் படிக்கத் தெரிந்ததால் ஒரு குடும்பத்தின் பணம் காப்பாற்றப்பட்டது என்பதை மாணவர்கள் கண்முன் பார்த்தார்கள்.

நான்காம் பாடவேளை: பட்டியலை மாற்றி எழுதுதல்

ஒவ்வொரு குழுவும் அந்த வாரத்துக் கடை விலைகளையும் இணைய விலைகளையும் ஒப்பிட்டுத் தனிப் பட்டியல் தயாரித்தது. விவாதத்துக்குப் பின் வகுப்பு ஏற்றுக்கொண்டது இது.

ரைசன் 5 5600ஜி செயலி – ரூ. 12,000
ஏ.எம்.4 தாய்ப்பலகை – ரூ. 5,500
8 ஜி.பி. நினைவகம், இரண்டு – ரூ. 3,500
500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. – ரூ. 3,000
தரச்சான்றுள்ள 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். – ரூ. 3,200
எளிய கேபினட் – ரூ. 2,300
1920 × 1080 திரை – ரூ. 7,000
விசைப்பலகை, மவுஸ் – ரூ. 1,000
மொத்தம் – ரூ. 37,500

மீதமுள்ள 2,500 ரூபாய் மின்னழுத்தப் பாதுகாப்புப் பலகைக்கும் போக்குவரத்துக்கும். விலைகள் அடிக்கடி மாறும். ஆசிரியர்கள் தங்கள் வாரத்து விலையை வைத்தே கணக்கிடச் செய்யுங்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் காரணம் சொல்ல வேண்டும் என்பதே முக்கியமான நிபந்தனை.

ஏன் அந்தச் செயலி? ஆறு உள்ளகங்களுடன் வரைகலைப் பகுதியும் உள்ளேயே இருக்கிறது. ஏன் 16 ஜி.பி.க்குப் பதில் இரண்டு 8 ஜி.பி.? இங்கே ஒரு நல்ல கணக்கு கிடைக்கிறது. டி.டி.ஆர்.4-3200 நினைவகம் நொடிக்கு 320 கோடி முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட் அனுப்பும். 3200 × 8 = 25,600 எம்.பி. இரண்டு வழிகளில் இரண்டு நினைவகம் வைத்தால் 51,200 எம்.பி. உள்ளமைந்த வரைகலைப் பகுதிக்குத் தனி நினைவகம் கிடையாது, இதையே பகிர்ந்துகொள்கிறது. அதனால் இரட்டை வழி விளையாட்டில் நேரடியாகத் தெரியும்.

ஏன் எஸ்.எஸ்.டி.? ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 200 எம்.பி. வரை படிக்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. சுமார் 550 எம்.பி. படிக்கும், என்.வி.எம்.இ. வகை அதைவிடப் பல மடங்கு. தாய்ப்பலகையில் வரைகலை அட்டைக்கான இடம் காலியாக இருக்கிறது. பின்னாளில் பணம் சேரும்போது மற்றதை மாற்றாமல் அட்டையை மட்டும் சேர்க்கலாம். அந்த இடம் தானே 75 வாட் வரை மின்சாரம் தரும். மின்வழங்கியும் அதற்குப் போதும்.

வரிக் கணக்கையும் இங்கேயே செய்தோம். 18 விழுக்காடு வரி உட்பட ரூ. 37,500 என்றால் வரிக்கு முந்தைய விலை என்ன? பலரும் 37,500-இல் 18 விழுக்காட்டைக் கழிப்பார்கள். சரியான முறை 37,500 ÷ 1.18 = ரூ. 31,779.66. வரி ரூ. 5,720.34. எட்டாம் வகுப்பு 'வாழ்வியல் கணித'த்துக்கு நேரடியாகப் பொருந்தும் கணக்கு. 'பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால், வரியோடு உத்தரவாதமும் போய்விடும் என்பதையும் பேசினோம். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனாலும், இணையத்தில் வாங்கினாலும், பாகத்தின் வரிசை எண் பில்லில் இருக்க வேண்டும் என்பது மாணவர்கள் எழுதிய விதி. பழைய வரைகலை அட்டை மலிவாகக் கிடைத்தால், அது கிரிப்டோ நாணயம் எடுக்க இரவு பகலாக ஓடியதா என்று விசாரிக்கவும் குறித்துக்கொண்டார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் அந்த முறையைக் கைவிட்டபின் அத்தகைய அட்டைகள் சந்தைக்கு நிறைய வந்தன.

ஐந்தாம் பாடவேளை: மின்சாரமும் உப்புக் காற்றும்

விளையாடும்போது பெட்டிக்குள் 150 வாட் செலவாகிறது எனக் கொள்வோம். மின்வழங்கியின் பயனுறுதிறன் 85 விழுக்காடு என்றால் சுவரிலிருந்து எடுப்பது 150 ÷ 0.85, ஏறத்தாழ 176 வாட். திரையையும் சேர்த்து 200 வாட். நாளுக்கு 3 மணி நேரம், 60 நாள்: 0.2 × 3 × 60 = 36 யூனிட். 2023-24-இல் நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லாமல் இருந்தது. வீட்டின் பயன்பாடு ஏற்கெனவே அதைத் தாண்டியிருந்தால் இந்த 36 யூனிட்டும் கட்டணத்துக்குரியதே. மாணவர்கள் தங்கள் வீட்டு மின்கட்டண அட்டையைக் கொண்டுவந்து ஒப்பிட்டார்கள். பத்தாம் வகுப்பு 'மின்னோட்டவியல்' பாடத்துக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

எங்கள் ஊருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கடற்காற்றில் வரும் உப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாகங்களின் மேல் படிந்தால் மின்சாரம் கடத்தும் மெல்லிய படலமாகி, தாமிரத்தையும் இரும்பையும் அரிக்கும். பழைய கணினியின் பின்புறத் திருகுகள் துருவேறியிருந்ததை மாணவர்களே காட்டினார்கள். நினைவகத்தின் தொடுமுனைகள் மட்டும் மங்காமல் இருந்தன. அவற்றுக்குத் தங்கமுலாம் இருப்பதே காரணம். முடிவுகள் எளியவை: கடலைப் பார்த்த சன்னலருகே வைக்காதே, தூசி வடிகட்டி உள்ள கேபினட்டைத் தேர்ந்தெடு, பல நாள் பயன்படுத்தாமல் மூடி வைக்காதே.

வாங்க முடியாதவர்களுக்கு என்ன?

வகுப்பில் பெரும்பாலோர் வீட்டில் நாற்பதாயிரம் ரூபாய் கிடையாது. அவர்களை வேடிக்கை பார்க்கவைக்கும் பாடமாக இது ஆகிவிடக் கூடாது என்பதால், இரண்டு குழுக்களுக்கு வேறு பணி கொடுத்தேன்: வீட்டிலிருக்கும் பழைய விலையில்லா மடிக்கணினியை மூவாயிரம் ரூபாய்க்குள் வேகப்படுத்துவது எப்படி? ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சாட்டா எஸ்.எஸ்.டி., கூடுதல் நினைவகம், லினக்ஸ் இயங்குதளம் என்று அவர்கள் தயாரித்த திட்டம், வகுப்பிலேயே அதிகப் பேர் நகல் எடுத்துக்கொண்ட திட்டமாயிற்று. ஒரு மாணவி தன் அக்காவின் மடிக்கணினியில் அதைச் செய்து முடித்து, இப்போது பைத்தான் பயிற்சியும் சதுரங்கமும் அதிலேயே செய்கிறார்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை

பள்ளி இருப்புப் பதிவேட்டிலுள்ள கணினியையும் உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியையும் திறக்க வேண்டாம். நன்கொடையாகக் கிடைத்த பழுதான கணினியை, தலைமையாசிரியரின் அனுமதியுடன் பயன்படுத்துங்கள். மின்இணைப்பை முழுமையாக எடுத்த பின்பே தொட வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது. அதன் மின்தேக்கிகள் இணைப்பை எடுத்த பிறகும் மின்னூட்டம் வைத்திருக்கும். எந்தக் கடையையும் நிறுவனத்தையும் பரிந்துரைக்காமல், ஒப்பிடும் முறையை மட்டும் கற்பியுங்கள். விளையாடும் நேரத்தைப் பற்றியும், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளின் ஆபத்தைப் பற்றியும் பெற்றோர் கூட்டத்தில் பேசுவது நல்லது.

மதிப்பீடு

மூன்று கேள்விகள் போதும். பொருந்தாத பாகங்கள் இரண்டு கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தொகையை ஐயாயிரம் குறைத்து, எதை விட்டுக்கொடுப்பாய், ஏன் என்று கேளுங்கள். தன் வீட்டுக்கு உண்மையில் எது தேவை என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்கு எங்கள் வகுப்பில் ஐந்து பேர் 'இப்போதைக்குக் கணினி தேவையில்லை' என்று காரணங்களோடு எழுதியிருந்தார்கள். அவர்களுக்கும் முழு மதிப்பெண் கொடுத்தேன்.