மின்மகிழுந்தின் நோய்முதல்

நுழையும்முன்

உடல் சுடுவது நோயின் அறிகுறி, அதுவே நோயன்று. மின்கல அடுக்கு சூடேறுவதும் அத்தகையதே. அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வைத்தியநாதர் கோயில் உள்ளது. திருமலை நாயக்கரின் வயிற்றுவலி இங்குத் தீர்ந்தது என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. இறைவனை மருத்துவனாகப் போற்றும் இவ்வூர் வழியே செல்வது மதுரை – கொல்லம் நெடுஞ்சாலை. கோடையில் இச்சாலையில் இராசபாளையம் கடந்து ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறும் மின்மகிழுந்தின் மின்கலங்களில் மிகுந்த மின்னோட்டம் பாய்கிறது. மின்னோட்டம் இருமடங்கானால், அகத்தடையால் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும். அவ்வெப்பம் வெளியேறாவிடில் மின்கலங்களின் ஆயுள் குறையும்.

வெப்பத்தை அகற்ற இருவழிகள் உண்டு. 1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் என்னும் ஹைபிரிட் மகிழுந்தில், பயணியர் அறையின் காற்றை மின்விசிறி ஈர்த்து மின்கலங்களின் மீது செலுத்துகிறது. 2020இல் இந்தியாவில் அறிமுகமான டாடா நெக்ஸான் மின்மகிழுந்திலோ, கூலண்ட் எனப்படும் நீர்மம் அப்பணியைச் செய்கிறது.

எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் மின்கல அடுக்கையே மாற்ற முனைவோர் உளர். பின் இருக்கைப் பகுதியிலுள்ள காற்றுத்துளையைத் தூசியும் வளர்ப்பு நாயின் மயிரும் அடைத்திருத்தல் கூடும். நாய்களுக்குப் பெயர்பெற்ற இராசபாளையத்தார் இதனை எளிதில் உணர்வர். அடைப்பை நீக்காமல் மின்கல அடுக்கை மாற்றினால், பெரும்பொருள் செலவாகும், புதியதும் சூடேறும்.

ஆகவே தேர்ந்த தொழில்நுட்பர் முதலில் ஸ்கேனர் கருவியால் பிழைக் குறியீட்டையும், பிழை தோன்றிய நேரத்து வெப்பநிலையையும் படிப்பார். இரவு முழுதும் நின்ற வண்டியில் எல்லா வெப்ப உணரிகளும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் மாறுபட்டால் ஐயம் அவ்வுணரியின்மீதே எழும். வண்டி ஓடும்போது ஓரிடம் மட்டும் சூடேறினால் அங்குள்ள மின்கலத்தையும் இணைப்பையும் ஆராய்வார். எல்லா இடமும் ஒருங்கே சூடேறினால் காற்றுவழி, மின்விசிறி ஆகியவற்றைச் சோதிப்பார்.

நீர்மக் குளிர்விப்பாயின் கூலண்டின் அளவு, கசிவு, பம்பின் இயக்கம், குழாயில் சிக்கிய காற்று ஆகியவற்றை வரிசையாக நோக்குவார். சில வண்டிகளில் குளிரூட்டியே கூலண்டையும் குளிர்விப்பதால், அது பழுதானாலும் மின்கலங்கள் சூடேறும்.

ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளில் உயிர்பறிக்கும் மின்னழுத்தம் உண்டு. பயிற்சி பெற்று, மின்காப்புக் கையுறை அணிந்து, மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே அவற்றை அணுகுதல் வேண்டும்.

கருவி காட்டுவது குறியீடு மட்டுமே; காரணத்தைக் காண்பது மனித அறிவே. நோய்முதல் அறியாத மருத்துவம் நோயைத் தீர்ப்பதில்லை.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டில் பழுதான ஒரு கருவியின் அறிகுறி, காரணம், தீர்வு ஆகியவற்றை அட்டவணைப்படுத்தி வகுப்பறையில் உரையாடுக.