தொழில் நகரில் வளரும் திருச்சபை

திருச்சபை என்றவுடன் கோபுரமும் மணியும் நம் மனக்கண்முன் நிற்கின்றன. ஆனால், எருசலேமில் தோன்றிய முதல் திருச்சபையினர் வீடுகளிலே கூடி அப்பம் பிட்டனர். திருத்தூதரின் போதனை, நட்புறவு, அப்பம் பிட்குதல், செபம் ஆகிய நான்கும் அதன் தூண்கள் என்று திருத்தூதர் பணி நூல் கூறுகிறது.

நம் பகுதியை நோக்குவோம். 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவாயிற்று. அசோக் லேலண்ட், டைட்டன் முதலிய ஆலைகள் எழுந்தன. பிழைப்பைத் தேடிப் பல மாநிலத்தவரும் வந்தனர். 1997-இல் சேலம் மறைமாவட்டத்திலிருந்து தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதில் அடங்கும்.

ஷிப்டு வேலையால் ஞாயிறு திருப்பலிக்கு வர இயலாதோர் உண்டு. அத்தகையோருக்கு அன்பியம் துணையாகிறது. அண்டை வீட்டார் ஓர் இல்லத்தில் கூடிச் செபமாலை சொல்லி, இறைவார்த்தையைப் பகிர்ந்து, நோயுற்றோரைச் சந்திக்கின்றனர்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. ஆனால் தமிழ், தெலுங்கு, கன்னடம் வழங்கும் இவ்வெல்லையில், இந்தி பேசுவோரும் நம்மருகே முழந்தாளிடுகின்றனர். நமக்கு வரமான மொழி அவர்களுக்குச் சுவராகலாமா?

பிலிப்பி நகரில் பவுலடியாரைத் தம் இல்லத்தில் வரவேற்ற லீதியாவும் வேற்றூர்ப் பெண்மணியே! வந்தவரே வரவேற்பவரானார். நம் குடும்பங்களிலும் பல அவ்வாறு வந்தவையே. ஆதலால், புதியவரைக் கண்டால் நாமே முதலில் வணக்கம் சொல்வோம், பெயர் கேட்போம், அன்பியத்துக்கு அழைத்துச் செல்வோம். புன்னகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.