முள் இறங்கினா லீக்தானா? – வீட்டு ஃபர்னஸ் கேஸ் லைனும் பிரஷர் டெஸ்டும்

ஃபர்னஸ்னு சொன்னதும் நமக்கு ஃபவுண்டரி லேப்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஃபர்னஸ் என்பது பெரும்பாலும் வீட்டின் பேஸ்மென்டில் நிற்கும் ஒரு பெட்டி. உள்ளே இயற்கை எரிவாயு எரியும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்ட காற்றை ஒரு புளோயர் டக்ட் வழியாக எல்லா அறைக்கும் தள்ளும். கடும் பனியில் இது நின்றுபோனால், ஆட்கள் நடுங்குவது ஒருபக்கம், தண்ணீர்க் குழாயே உறைந்து வெடித்துவிடும்.

இந்தப் பெட்டிக்கு கேஸ் கொண்டு வரும் பைப்பை எப்படிப் போடுகிறார்கள், போட்ட பிறகு லீக் இல்லை என்று எப்படி நிரூபிக்கிறார்கள் என்பதுதான் இன்றைய பாடம். முக்கியமா அந்த இரண்டாவது பாதி. தெர்மோ பரீட்சையில் எழுதிவிட்டு நாம மறந்துபோகிற ஒரு சமன்பாடு அங்கே உயிரைக் காக்கிற வேலை செய்யுது.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். அங்கே பெரும்பாலான ஊர்களில் இந்த வேலைக்கு பெர்மிட் வேண்டும். பல இடங்களில் லைசென்ஸ் உள்ளவர்தான் செய்யலாம். எம்.எஸ். படிக்கப் போய் வாடகை வீட்டில் இருக்கிற சீனியர்கள் யாரும் இதைப் படிச்சுட்டு ரெஞ்சைத் தூக்கிக்கிட்டு பேஸ்மென்டுக்கு இறங்க வேண்டாம்.

முதல் கேள்வி, பைப் எந்த சைஸ்? வீட்டுக்குள் வரும் கேஸின் அழுத்தம் ரொம்பக் குறைவு: சுமார் 7 அங்குல வாட்டர் காலம். 27.7 அங்குலம் சேர்ந்தால்தான் 1 பிஎஸ்ஐ. அப்படின்னா இது வெறும் கால் பிஎஸ்ஐ. இவ்வளவு சின்ன அழுத்தத்தில் பைப்பின் உராய்வுக்கு நாம கொடுக்கக்கூடியது அரை அங்குலம்தான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஃபர்னஸ் மணிக்கு 80,000 பிடியு, வாட்டர் ஹீட்டர் 40,000 பிடியு. ஒரு கன அடி இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய 1,000 பிடியு இருக்கு. அதனால் தேவை மணிக்கு 120 கன அடி. மீட்டரிலிருந்து கடைசி கருவி வரை 60 அடி தூரம்னு வைங்க. என்எஃப்பிஏ 54 என்ற அமெரிக்க எரிவாயு விதிநூலின் அட்டவணைப்படி, அரை அங்குல இரும்பு பைப் 60 அடியில் 65 கன அடிதான் கொடுக்கும். முக்கால் அங்குலம் 137 கொடுக்கும். எனவே முக்கால்.

அரை அங்குலமே போதும்னு போட்டா என்ன ஆகும்? இதில்தான் ஏமாந்துபோவாங்க. ஃபர்னஸை மட்டும் ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. வாட்டர் ஹீட்டரும் சேர்ந்து எரியும்போது அழுத்தம் இறங்கி, தீ ஒழுங்கா எரியாது. அதனால்தான் எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் ஓடும் என்று வைத்தே கணக்குப் போடணும்.

இணைப்புகளை வேகமாப் பார்த்துடலாம். பைப் த்ரெட் கூம்பு வடிவம், 16-க்கு 1 என்ற சரிவு. இறுக்க இறுக்க உலோகம் உலோகத்தோடு கடிக்கும். ஆனாலும் த்ரெட்டின் உச்சிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு சுருள் வழி மிச்சம் இருக்கும். அதை அடைக்கத்தான் பைப் டோப் என்ற பசை, அல்லது கேஸுக்கென்றே வரும் மஞ்சள் டெஃப்லான் டேப். வெளித்த்ரெட்டில் மட்டும் பூசணும். நுனியில் ஒன்றிரண்டு சுற்றை விட்டுடணும், இல்லன்னா பசை உள்ளே போய் வால்வை அடைக்கும். யூனியனின் முகத்தில் எதுவும் தடவக் கூடாது. அது வழவழப்பாகக் கடைந்த உலோக முகம், அதுவே சீல் ஆகும்.

ஃபர்னஸ் பக்கத்தில் வரிசை இப்படி: கை வால்வு, அடுத்து யூனியன், அடுத்து ஒரு டீ. மேலிருந்து இறங்கும் கேஸ் அந்த டீயில் பக்கவாட்டில் திரும்பி ஃபர்னஸுக்குப் போகும். டீயின் கீழ் வாயில் குறைந்தது 3 அங்குல நிப்பிளும் ஒரு மூடியும். பைப்பில் வரும் துருவும் துகளும் திரும்ப முடியாமல் நேராக அந்தக் குழியில் விழுந்துவிடும். செடிமென்ட் டிராப் என்று பெயர். டீயைப் படுக்கவைத்து கேஸை நேராக ஓடவிட்டால், அது டிராப் மாதிரி தெரியும், ஆனால் வேலை செய்யாது.

இப்போ டெஸ்ட். காற்றோ நைட்ரஜனோ அடைக்கலாம். ஆக்சிஜன் கூடவே கூடாது. விதிநூல் கேட்பது வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு, ஆனால் 3 பிஎஸ்ஐக்குக் குறையக் கூடாது. பல ஊர்களின் இன்ஸ்பெக்டர்கள் இன்னும் அதிகம் கேட்பாங்க. 10 பிஎஸ்ஐ என்று எடுத்துக்குவோம்.

அடைப்பதற்கு முன் ஃபர்னஸைக் கழற்றிவிட்டு பைப் நுனிக்கு மூடி போடணும். ஃபர்னஸுக்குள் இருக்கும் கேஸ் வால்வு பொதுவாக அரை பிஎஸ்ஐ வரைதான் தாங்கும். 10 என்பது அதன் 20 மடங்கு. கை வால்வை மூடிட்டோமே, போதாதா? போதாது. டெஸ்ட் அழுத்தம் அரை பிஎஸ்ஐக்கு மேல் போனால் கழற்றியே ஆகணும். மூடிய வால்வில் கொஞ்சம் கசிந்தாலும் உள்ளே இருக்கும் டயஃப்ரம் கெடும். கெட்டது வெளியே தெரியாது என்பதுதான் அதில் மோசம்.

கேஜும் பொருத்தமா இருக்கணும். முழு அளவு டெஸ்ட் அழுத்தத்தின் 5 மடங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. 3 பிஎஸ்ஐ டெஸ்டுக்கு 100 பிஎஸ்ஐ கேஜ் மாட்டினால், லீக் இருந்தாலும் முள் அசைவது கண்ணில் படாது.

அப்புறம் காத்திருப்பு. ஒரு குடும்பம் வசிக்கும் வீட்டுக்கு விதிப்படி 10 நிமிடமே போதும். பலர் இன்னும் நேரம் விடுவாங்க, சிலர் ராத்திரி முழுக்க. காலையில் வந்து பார்த்தால் கேஜ் 9.2 காட்டுது. லீக்கா?

பாடம் இங்கதான் இருக்கு. மாலையில் பேஸ்மென்ட் 20 டிகிரி செல்சியஸ், காலையில் 10 டிகிரி. பைப்பின் கனஅளவு மாறவில்லை, ஆகவே அழுத்தம் வெப்பநிலையின் விகிதத்தில் இறங்கும். அவசரத்தில் 10 × 283 ÷ 293 என்று போட்டால் 9.66 வரும். முள் 9.2-ல் நிற்குது, அப்போ லீக் என்று எல்லா ஜாயின்ட்டையும் பிரிக்கக் கிளம்பிடுவீங்க. ஆனால் கேஜ் காட்டுவது வளிமண்டலத்துக்கு மேல் உள்ள அழுத்தம் மட்டும். சமன்பாட்டுக்கு வேண்டியது தனி அழுத்தம்: 10 + 14.7 = 24.7. அதை 283 ÷ 293-ஆல் பெருக்கினால் 23.86. 14.7-ஐக் கழித்தால் 9.16. முள் சரியாத்தான் சொல்லியிருக்கு.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வெட்டும். வெயில் ஏறும் நேரத்தில் டெஸ்ட் வைத்தால், சூடு அழுத்தத்தை ஏற்றும், லீக் இறக்கும். இரண்டும் சேர்ந்து முள் அப்படியே நிற்கலாம். அசையாத முள்ளும் பொய் சொல்லும்! அதனால் கேஜ் பக்கத்திலேயே ஒரு தெர்மாமீட்டரை வைத்து இரண்டு அளவையும் எழுதுங்க. கம்ப்ரசரிலிருந்து வந்த காற்று சூடாக இருக்கும் என்பதால், அது ஆறிய பிறகே முதல் அளவை எடுக்கணும். சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்புத் தண்ணி. தீக்குச்சி எப்போதும் கூடாது.

டெஸ்ட் பாஸ் ஆனதும் பைப்பில் இருக்கும் காற்றை வெளியேற்றி கேஸ் நிரப்பணும். மூக்கை நம்பி இதைச் செய்யக் கூடாது. 2009 ஜூனில் வட கரோலினாவின் கார்னர் ஊரில், கான்ஆக்ரா உணவுத் தொழிற்சாலையில் புது வாட்டர் ஹீட்டருக்காக இப்படி வெளியேற்றிய கேஸ் கட்டடத்துக்குள்ளேயே தேங்கி வெடித்தது. 4 பேர் இறந்தார்கள். கேஸ் வாசனையை முகர்ந்துகொண்டே இருந்தால் மூக்கு மரத்துப்போகும். புது இரும்பு பைப் அந்த வாசனைப் பொருளைக் கொஞ்சம் உறிஞ்சியும்விடும். மீத்தேன் காற்றில் 5 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். எனவே கையில் கேஸ் டிடெக்டர், திறந்த காற்றோட்டம், பக்கத்தில் தீயோ ஸ்விட்சோ எதுவும் இல்லாத நிலை.

கடைசியா நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபின் யு-டியூப் மானோமீட்டர் வரும். எல்லாக் கருவியும் எரியும்போது ஃபர்னஸ் வால்வின் நுழைவாயிலில் அழுத்தம், பெயர்ப்பலகையில் போட்ட குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. பர்னர் பக்கம் இயற்கை எரிவாயுவுக்குப் பொதுவாக 3.5 அங்குலம். மானோமீட்டரைக் கழற்றி, அந்தத் துளையின் திருகை மூடியதும், அந்தத் திருகின் மேலும் ஒரு சொட்டு சோப்புத் தண்ணி விடுங்க. பிரஷர் டெஸ்டின்போது அது லைனிலேயே இல்லை.