போன தண்ணி திரும்பி வரணும்

மெஷின் பெட்டியைப் பிரிச்ச போட்டோ பார்த்தேன்டி. பத்து லிட்டர் டேங்க், கை அகலத்துக்கு ஒரு சோஃபா நாஸில், கூடவே ஹோஸ். ஆரம்பிக்கிறதுக்கு இந்த அளவு ஸ்பாட் எக்ஸ்ட்ராக்டர் போதும். லிஃப்ட் ஓடாத அபார்ட்மென்ட்ல மூணாவது மாடிக்குக் காலி மெஷினை ஒத்தைக் கையில தூக்கிட்டு ஏறிடலாம். ஆனா ஹால் முழுக்க விரிச்ச கார்ப்பெட்டை இதை வச்சே முடிச்சுத் தர்றேன்னு மட்டும் ஒத்துக்காதே, இடுப்பு போயிடும். சோஃபா, டைனிங் சேர், மெத்தை, கார் சீட், கார்ப்பெட்ல அங்கங்க விழுந்த கறை, இதோட நிறுத்திக்கோ.

நீ கேட்ட முதல் கேள்வி, "அக்கா, எந்த ஷாம்பூ வாங்கட்டும்?" ஆறு வருஷத்துக்கு முன்னாடி நானும் அதையேதான் கேட்டேன். ஷாம்பூவை அப்புறம் பார்க்கலாம், முதல்ல மெஷினைப் புரிஞ்சுக்கோ.

உள்ள ரெண்டு டேங்க் இருக்கு. ஒண்ணு நல்ல தண்ணிக்கு, இன்னொண்ணு அழுக்குத் தண்ணிக்கு. ட்ரிக்கரை அழுத்தினா பம்ப் தண்ணியைத் துணிக்குள்ள அடிக்கும், அதே நாஸில் அந்தத் தண்ணியை அழுக்கோட உறிஞ்சிக்கும். கஸ்டமருங்க 'ஸ்டீம் வாஷ்'னு சொல்வாங்க. இதுல ஆவி கீவி ஒண்ணும் கிடையாது, வெதுவெதுப்பான தண்ணிதான். அதைத் திருத்திக்கிட்டு நிற்காதே. தண்ணி அடிக்க பக்கெட்டும் பிரஷ்ஷும் போதும், அதுக்கு உன்னைக் கூப்பிட வேண்டியதில்ல. அடிச்சதைத் திரும்ப எடுக்கத்தான் நமக்குக் காசு தர்றாங்க.

அதனால அழுக்கு டேங்க் மேல மார்க்கர்ல லிட்டர் கோடு போட்டு வை. அஞ்சு லிட்டர் அடிச்சா நாலு லிட்டராவது திரும்பி வரணும். இது மேனுவல்ல இருக்கிற கணக்கில்ல, என் கணக்கு. மூணுதான் வந்திருக்குன்னா மிச்ச ரெண்டு லிட்டர் அவங்க சோஃபா ஃபோமுக்குள்ள உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம். அது சும்மா இருக்காது. என் முதல் வருஷத்துல ஒரு வீட்டு சோஃபாவுல டீக்கறை போகலைன்னு மூணு தடவை ஊற ஊற அடிச்சேன். சாயங்காலம் பளிச்சுன்னு இருந்துச்சு. மறுநாள் காலையில அந்தம்மா போட்டோ அனுப்பினாங்க. கறை இருந்த இடத்துல அதைவிடப் பெரிய பழுப்பு வளையம். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, காய காயத் துணி நூல் அடியில இருந்த அழுக்கை மேல இழுத்துடுச்சு. காசு வாங்காம திரும்பப் போய், கொஞ்சமா தண்ணி காட்டி, நிறைய உறிஞ்சி, வெள்ளை டவலை மடிச்சு மேல வச்சு, அது மேல கனமான தாம்பாளத்தை வச்சுட்டு வந்தேன். ராத்திரி முழுக்க மேல வந்த கறையை டவல் வாங்கிக்கிச்சு.

இழுக்கிற கைக்கு வா. நாஸிலைத் துணியில பட்டையா, முழு வாயும் படியற மாதிரி அழுத்து. எப்பவும் உன்னைப் பார்த்து இழு. முன்னாடி தள்ளினா வாய் தூக்கிக்கும், காத்துதான் போகும். ட்ரிக்கரை அழுத்திக்கிட்டு மெதுவா இழுத்து, முடியறதுக்கு ஒரு சாண் முன்னாடி விரலை எடுத்துடு. அப்பதான் கடைசியில அடிச்ச தண்ணியும் உள்ள வரும். அடுத்து அதே கோட்டுல ட்ரிக்கர் இல்லாம ரெண்டு தடவை, தடிமனான குஷன்னா மூணு தடவை. காதையும் கொடு. வாய் சரியா படிஞ்சா 'உஸ்ஸ்'னு கத்தற சத்தம் அடங்கி உறுமலா மாறும். நாஸில் மேல கண்ணாடி மாதிரி மூடி இருக்கு பாரு, அதுல முதல்ல சேறு மாதிரி ஓடும், அப்புறம் மோர் நிறம், அப்புறம் தனித்தனிக் குமிழி. குமிழியும் நின்னா அடுத்த கோட்டுக்குப் போ. ஒவ்வொரு கோடும் முந்தின கோட்டு மேல ரெண்டு விரல் ஏறியிருக்கட்டும், இல்லைன்னா காஞ்சதும் வரிவரியா தெரியும். கறை மேல மட்டும் கை வைக்காம சுத்தி ஒரு சாண் தள்ளியே ஆரம்பிச்சு, ஓரத்துல லேசா முடி. அழுக்குக் கார்ப்பெட்டுக்கு நடுவுல ஒரு வட்டம் மட்டும் வெள்ளையா இருந்தா அதையும் கறைன்னுதான் சொல்வாங்க.

தண்ணி காட்டுறதுக்கு முன்னாடி காஞ்ச வேக்யூம் போடாம இருக்கவே கூடாது. சோஃபா அழுக்குல பெரும்பங்கு தூசியும் மண்ணும்தான். அது மேல தண்ணி பட்டா சேறு. கறுப்புத் தண்ணியை பாட்டில்ல பிடிச்சு ரீல்ஸ் போடறவங்களைப் பார்த்து மயங்காதே, அதுல பாதி அவங்க வேக்யூம் போடாத சோம்பேறித்தனம். குஷன் இடுக்குல கையை விட்டுப் பாரு. ஹேர்பின், பென்சில், சில்லறை எல்லாம் வரும், ஹேர்பின் உள்ள போனா ஹோஸைக் கிழிச்சுடும். சில்லறையை ஒரு கிண்ணத்துல போட்டு வீட்டுக்காரங்க கையில கொடு. ரெண்டு ரூபாயா இருந்தாலும் கொடு.

அடுத்து துணி. குஷனைத் திருப்பி ஜிப் பக்கத்துல லேபிள் இருக்கான்னு பாரு. 'டபிள்யூ'ன்னா தண்ணி படலாம். 'எஸ்'ன்னா தண்ணி கூடாது, சால்வென்ட் மட்டும். 'டபிள்யூ எஸ்'ன்னா ரெண்டும் சரி. 'எக்ஸ்'ன்னா வேக்யூமோட நிறுத்திக்கோ. ஆசாரி வீட்டுல வச்சு செஞ்ச சோஃபாவுக்கு லேபிள் எங்க இருக்கப்போகுது? பின்பக்கம் மறைவா ஒரு இடத்துல நீ போடப்போற கெமிக்கலையே நாலு சொட்டு விட்டு, வெள்ளைத் துணியால ஒரு நிமிஷம் அழுத்திப் பிடி. சாயம் ஒட்டினா கையைக் கழுவிட்டு வந்துடு. நூல் என்னன்னு சந்தேகம்னா அடியில ஒரு இழை பிடுங்கி வெளியில வச்சுக் கொளுத்திப் பாரு. பாலியெஸ்டர் உருகி மணியா இறுகும், பருத்தி காகிதம் எரியற வாசனையோட சாம்பலாகும், கம்பளியும் பட்டும் முடி பொசுங்கற நாத்தம் அடிக்கும். கம்பளிக்குச் சூடு தண்ணியும் காரம் அதிகமான கெமிக்கலும் ஆகாது. 'ஆர்ட் சில்க்', 'பாம்பூ சில்க்'னு பேர் சொல்லி மினுமினுக்கிற கார்ப்பெட் பல நேரம் விஸ்கோஸ். நனைஞ்சா மஞ்சளாகும், விறைச்சுப் போகும். ஆயிரம் ரூபா கூலிக்கு அம்பதாயிரம் கார்ப்பெட்டுக்குப் பதில் சொல்லிக்கிட்டு நிற்காதே. பவானி ஜமக்காளத்தைக் கொடுத்தாலும் வேண்டாம்னு சொல்லிடு. பருத்தி நூல், அடர்ந்த சிவப்பு நீலக் கோடு, ஒண்ணோட சாயம் இன்னொண்ணுல இறங்கினா நம்மளால பிரிக்க முடியாது.

இப்ப கறை. நம்ம ஊர் சோஃபாவுல மஞ்சள் இல்லாத கறை ஏது? ஒரு வீட்டுல வெளிர் நிற சோஃபாவுல சாம்பார் கொட்டியிருந்துச்சு. நான் ப்ரீ ஸ்ப்ரேயைத் தெளிச்சேன், காரத்தன்மை உள்ள கெமிக்கல் அது. கண் எதிரிலேயே மஞ்சள் கறை ரத்தச் சிவப்பா மாறிடுச்சு. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அந்த வீட்டுப் பாட்டி ஊஞ்சல்ல இருந்து எட்டிப் பார்த்துட்டு, "மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா ஆரத்தி ஆகாதா? இதுக்கு ஏம்மா பயப்படறே?"ன்னாங்க. அதேதான் விஷயம். மஞ்சள் காரத்துல சிவக்கும், புளிப்புல திரும்ப மஞ்சளாகும். வெள்ளை வினிகரைத் தண்ணியில கலந்து தொட்டு ஒத்தினேன், சிவப்பு இறங்கிடுச்சு. அப்புறம் வழக்கம்போல உறிஞ்சி எடுத்தேன். மிச்சமிருந்த லேசான மஞ்சளுக்கு மெடிக்கல்ல கிடைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு, 3 சதவீதம். ஆறு சதவீத பாட்டில்தான் இருக்குன்னா சம அளவு தண்ணி கலந்துக்கோ. மறைவான இடத்துல சோதிச்சுப் பார்க்காம அதைத் தொடாதே, நிறத்தை வெளுக்கும். கழட்டுற குஷன் உறைன்னா வெயில்ல போடச் சொல்லு. மஞ்சளுக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி கிடையாது.

ரத்தம், பால், முட்டைக்குப் பச்சைத் தண்ணிதான். சூடு பட்டா கறை வெந்து நூலோட ஒட்டிக்கும். காபி, டீ கறைக்குப் புளிப்புத் தன்மை உள்ள ஸ்பாட்டர், அதாவது கறை மேல மட்டும் போடற கெமிக்கல். எண்ணெய்க் கறைக்குக் காரமான ப்ரீ ஸ்ப்ரே, அஞ்சு பத்து நிமிஷம் ஊறட்டும், ஆனா காயவிடாதே. நெயில் பாலிஷும் பேனா மையும் இந்த மெஷின் வேலையே இல்ல. குழந்தை மெத்தையில மூத்திரம் போனதுன்னா முன்கூட்டியே பேசிடு. மேல ஒரு ரூபாக் காசு அளவு தெரிஞ்சா, கீழ ஃபோமுல சாப்பாட்டுத் தட்டு அளவு பரவியிருக்கும். என்சைம் போட்டு ஊறவச்சுதான் எடுக்கணும், ஒரே தடவையில வாடை போகலாம், போகாமலும் இருக்கலாம். 'புதுசு மாதிரி ஆகிடும்'கிற வார்த்தை உன் வாயில வரவே கூடாது.

சரி, ஷாம்பூ. பாத்திரம் கழுவுற லிக்விடை மட்டும் ஊத்திடாதே. பிசுக்கு துணியிலேயே தங்கும், பத்து நாள்ல முன்னைவிட அழுக்காகும், பழி நம்ம மேல வரும். நுரை குறைவா வர்ற எக்ஸ்ட்ராக்ஷன் கெமிக்கல்னு கேட்டு வாங்கு, பாட்டில்ல போட்ட அளவுக்கு மேல ஒரு மூடிகூட வேண்டாம். கடைசியா ஒரு தடவை வெறும் தண்ணி அடிச்சு எடு. சில வீட்டுல ஏற்கெனவே யாரோ ஷாம்பூ போட்டுத் தேய்ச்சிருப்பாங்க, நீ வெறும் தண்ணி அடிச்சாலே டேங்க்ல நுரை பொங்கும். அழுக்குத் தண்ணி நிறைஞ்சா உள்ள ஒரு மிதவை ஏறி வழியை அடைக்கும். நுரை அந்த மிதவையைத் தூக்காது, அதைத் தாண்டி மோட்டாருக்கே போயிடும். அதனால ஒரு மூடி டீஃபோமர், அழுக்கு டேங்க்ல. நல்ல தண்ணி டேங்க்ல ஊத்திட்டு எனக்கு போன் பண்ணாதே.

தண்ணி விஷயத்துல நீ கொடுத்து வச்சவ. உங்க ஊர் சிறுவாணித் தண்ணிக்கு நாஸில்ல உப்பு கட்டறதே அபூர்வம். இங்க வேளச்சேரி போர் தண்ணியில எனக்கு நாஸில் ஓட்டை அடைச்சு ஸ்ப்ரே ஒரு பக்கமா சாயும். மாசம் ஒரு தடவை வினிகர் ஒரு பங்கு, தண்ணி நாலு பங்கு கலந்து ஓட்டிட்டு, நல்ல தண்ணியில அலசுறேன். போர் தண்ணி வர்ற வீட்டுக்குப் போனா நீயும் செய். சூடு வேணும்னா கை பொறுக்கிற அளவு போதும், கொதிக்கிற தண்ணியை ஊத்தினா டேங்க்கும் பம்ப்பும் காலி. ரிக்ளைனர் சோஃபான்னா முதல்ல அதோட பிளக்கைப் பிடுங்கு, மோட்டார் பக்கம் ஸ்ப்ரே போகவே கூடாது. அடிப்பக்கம் ஸ்டேப்பிள் அடிச்ச இடத்தையும் நனைக்காதே, துரு இறங்கும்.

முடிச்சதும் குஷனைச் செங்குத்தா நிறுத்தி ஃபேன் போடச் சொல்லு. ஏசி இருந்தா இன்னும் நல்லது. எங்க ஊர்ல நவம்பர் மழையில மதியத்துக்கு மேல நான் வேலையே எடுக்கறதில்ல. ஒரு நாள் தாண்டியும் ஈரம் நின்னா புளிச்ச வாடை ஆரம்பிச்சுடும், அதை அடிச்சுத் துரத்தற சென்ட் இன்னும் வரலை.

ராத்திரி எவ்வளவு களைப்பா இருந்தாலும் அழுக்கு டேங்க்கைக் கொட்டி, கழுவி, மூடியைத் திறந்தே கவிழ்த்து வை. வடிகட்டியில சிக்கின முடியை எடு. ஹோஸ்ல ரெண்டு டம்ளர் நல்ல தண்ணியை உறிஞ்ச விட்டு, நீட்டித் தொங்கவிடு. மூடி வச்சேன்னா மறுநாள் காலையில கஸ்டமர் வீட்டு ஹால்ல மெஷினைப் போட்டதும் முந்தின வீட்டு நாத்தம் இவங்க வீட்டுல வரும்.

முதல்ல உங்க வீட்டு டைனிங் சேர் ஆறுலயும் கையைப் பழக்கு. அடிச்ச தண்ணி எத்தனை லிட்டர், எடுத்தது எத்தனைன்னு ரெண்டு டேங்க்கையும் போட்டோ எடுத்து அனுப்பு. சேர் போட்டோ எனக்கு வேண்டாம்.