வளவு அணிலுக்கு வைப்பதும் வைக்கக்கூடாததும்

எழுவைதீவில் அணிலைத் தேடிப் போகத் தேவையில்லை. பனையும் வடலியும் நிற்கிற வளவில் அது தானாகவே குடியிருக்கும். ஆடி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற பேரப்பிள்ளைகள் ஊர்காவற்றுறையில் வள்ளம் ஏறும்போதே, அணிலுக்கென்று விசுக்கோத்துப் பைக்கற்றோடுதான் ஏறுகிறார்கள். அவர்கள் வந்து இறங்குமுன் வீட்டுப் பெரியவர்கள் இதை ஒருதரம் வாசித்து வைப்பது நல்லது.

1. முதலில் தண்ணீர், பிறகுதான் தீன். ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழைதான் தீவுப்பகுதிக்குப் பெருமழை. சோளகம் அடிக்கத் தொடங்கினால் கிணறு இறங்கும். இறங்க இறங்க உவர் ஏறும். கோடை முற்றுகிறபோது நெடுந்தீவுக் குதிரைகள் தண்ணீரில்லாமல் சாவது செய்தியாகிறது. குதிரை விழுந்து கிடந்தால் ஊருக்குத் தெரியும். அணில் செத்தால் எறும்புக்கு மட்டுந்தான் தெரியும். அந்த மாதங்களில் வடலிக்குள்ளும் வேலியோரத்திலும் அதற்குத் தின்ன ஏதாவது அகப்படும், குடிக்கத்தான் அகப்படாது. நாங்களே குடிதண்ணீரை அளந்து பாவிக்கிற ஊரில் இதற்கு வேறு வைப்பதா என்று ஆச்சிமார் கேட்பார்கள். வளர்ந்த அணிலின் நிறையே ஏறத்தாழ 100 கிராம்தான். ஒரு சிரட்டைத் தண்ணீர் அதற்கும் போதும், கூட வருகிற குருவிக்கும் போதும். உவர்த் தண்ணீர் வேண்டாம். நீங்கள் குடிக்கிறதையே வையுங்கள். நிழலில் வையுங்கள், வெயிலில் வைத்த சிரட்டை மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.

2. சிரட்டைத் தண்ணீரை நாள்தோறும் கொட்டி, உட்புறத்தைத் தும்பால் உரஞ்சிவிட்டு வேறு ஊற்றுங்கள். டெங்கு நுளம்பு பாத்திரத்தின் ஓரத்தில்தான் முட்டையை ஒட்டிவிடும். கொட்டினால் மட்டும் அது போகாது. நுளம்பு பெருகும்படி தண்ணீர் தேங்க விடுவது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அணிலுக்கு வைத்தது என்று சொன்னால் சுகாதாரப் பரிசோதகர் சிரிப்பார், ஆனால் எழுதிக்கொண்டுதான் போவார்.

3. மூடியில்லாத பரல், சீமெந்துத் தொட்டி எதுவானாலும் உள்ளே ஒரு கருக்குமட்டையைச் சரித்து வைத்துவிடுங்கள். தண்ணீர் தேடி எட்டிப் பார்க்கிற அணில் வழுக்கி விழுந்தால், பிளாஸ்டிக் சுவரில் நகம் பிடிக்காது. நீந்தி நீந்திக் களைத்துத்தான் சாகும். மட்டை இருந்தால் ஏறி வந்துவிடும்.

4. தீன் வைப்பதானால் வளவில் விளைகிறதையே வையுங்கள்: பப்பாசித் துண்டு, கொய்யா, மாதுளை முத்து, ஊறவைத்த பயறு, இரண்டு சொட்டுத் தேங்காய். ஒரு நேரத்துக்கு ஒரு சின்னக் கை அளவு தாராளம். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழுகிற காலத்தில் ஒன்றும் வைக்கத் தேவையில்லை. பனாட்டுக்குப் பழம் பொறுக்குகிறவர்கள் நைந்த பழத்தில் ஒன்றிரண்டைப் பனையடியிலேயே விட்டுவிட்டு வந்தால் போதும்.

5. கச்சானைத்தான் எல்லாரும் முதலில் எடுக்கிறார்கள். வறுத்து உப்புப் போட்ட கச்சான் கூடவே கூடாது. பச்சைக் கச்சானும் எப்போதாவது இரண்டு மூன்று பருப்பு, அவ்வளவுதான். அதில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு, பொசுபரசு கூட. அதையே தின்று வளரும் குட்டிக்கு எலும்பு உறுதியாகாது. பூஞ்சணம் பிடித்த கச்சானும் கறுத்த கொப்பராவும் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. நாங்கள் தின்னாமல் ஒதுக்கியதை அணிலுக்குப் போடுவது தருமம் ஆகாது.

6. பாண், விசுக்கோத்து, மிக்சர், கருவாட்டுச் சோறு: ஒன்றும் வேண்டாம். பேரப்பிள்ளையின் பைக்கற்றைப் பேரப்பிள்ளையே சாப்பிடட்டும்.

7. காலையில் வையுங்கள். வெயில் ஏறிவிட்டால் அணில் ஓலைக்குள் போய்விடும்; பின்னேரம் இன்னொரு முறை வரும். பொழுதுபடுமுன் மிச்சத்தைக் கூட்டி எடுத்துவிட வேண்டும். அணில் இரவில் வராது, எலிதான் வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். 2024 மார்கழியில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களையும் கொண்டுபோனது. சிந்திய பயறு நாலுதானே என்று விடாதீர்கள்.

8. வைக்கும் இடம்: ஆள் உயரத்தில், பூவரசங் கொப்பில் கட்டிய சிரட்டை. நிலத்தில் வைத்தால் பூனைக்குப் பந்தி வைத்த மாதிரி. பூனை பதுங்கக்கூடிய பற்றை பக்கத்தில் இருக்கக்கூடாது. குசினி யன்னலுக்கும் மின் வயருக்கும் கிட்ட வேண்டவே வேண்டாம். பழகின அணில் குசினிக்குள் வந்து மாப்பையை ஓட்டையாக்கும், வயரையும் கடிக்கும்.

9. கடற்றொழில் செய்கிற வீடுகளுக்கு இது. அறுந்த தங்கூசித் துண்டுகளை வேலியில் எறிந்து வைக்காதீர்கள். கூடு கட்டுகிற அணில் நார் என்று எது கண்டாலும் இழுக்கும். கிணற்றுக் கயிற்றில் குந்தியிருந்து முன்காலால் தும்பைப் பிரித்து, வாய்க்குள் திணித்து, மீசை வைத்த கிழவர் போல ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். தங்கூசியும் அப்படியே கூட்டுக்குப் போகும். அங்கே குட்டியின் கால் வளர வளர நூல் இறுகும், காலும் போகும். தங்கூசியைப் பொறுக்கி ஒரு சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, அதற்குப் பதிலாக வேலிக் கதியாலில் பழைய தேங்காய்த் தும்பை ஒரு பிடி சொருகி விடுங்கள். கயிறும் தப்பும்.

10. பனையில் தொங்குகிற காவோலையை முழுக்க இழுத்துச் சுத்தம் செய்கிற பழக்கம் இப்போது கூடிவிட்டது. வளவு பார்வையாக இருக்கிறதாம். அணிலுக்கு வீடே அந்த ஓலைதான். விறகுக்கு இழுப்பதானால் முதலில் மரத்தைத் தட்டிவிட்டுக் கொஞ்சம் நின்று பாருங்கள். தாய் அணில் வெளியே பாய்ந்து கத்தினால் அந்த மரத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். குட்டி பால் மறக்கப் பத்துக் கிழமை வரை எடுக்கும்.

11. குட்டி விழுந்து கிடந்தால் வீட்டுக்குள் தூக்கி வராதீர்கள். பழந்துணி விரித்த சிரட்டையிலோ சின்னப் பெட்டியிலோ வைத்து, விழுந்த மரத்திலேயே பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டுத் தூரப் போங்கள். ஆள் நின்றால் தாய் இறங்காது. ஆள் இல்லாவிட்டால் வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். பசுப்பால், மாப்பால் பருக்கினால் வயிற்றாலடித்துச் சாகும். பொழுதுபட்டும் தாய் வராவிட்டால் சூடாகச் சுற்றி வைத்து, கால்நடை வைத்தியரைக் கேளுங்கள்.

12. கையில் வைத்து ஊட்ட வேண்டாம். படத்துக்கு அழகாய் இருக்கும், ஆனால் அணில் விரலுக்கும் பழத்துக்கும் பேதம் பார்க்காது. கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அணிலால் விசர் நோய் வருவது அரிது என்றாலும் ஊசி தேவையா என்பதை வைத்தியரே சொல்லட்டும். வள்ளம் ஓடுகிற நேரத்தைப் பார்த்து ஊர்காவற்றுறைக்குப் புறப்பட்டுவிடுங்கள்.

13. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று கூட்டில் அடைத்து வேறிடம் கொண்டுபோய் விடாதீர்கள். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் 1898இல் மிருகக்காட்சிசாலையிலிருந்து விடப்பட்ட இந்திய அணில் பெருகி, இன்று அங்கே பீடை. அது ஐந்து வரி அணில். இராமர் மூன்று விரலால் தடவிய கதையில் அதற்குப் பங்கில்லை.

14. மாதுளையும் கொய்யாவும் தப்ப வேண்டுமானால் பழம் பழுக்குமுன் பழைய சேலைத் துணியில் பை தைத்துக் கட்டுங்கள். மிளகாய்த்தூள் தூவச் சொல்வார்கள். அணிலுக்கு உறைக்கும் என்பது மெய்தான், ஆனால் சோளகம் அடிக்கிற தீவில் தூள் உங்கள் கண்ணுக்குத்தான் வரும். எலிப் பாசாணம் வைக்கவே வேண்டாம். 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம் நாடு முழுவதும், பயிரை அழிக்கிறதென்று குரங்கு, மயிலோடு எண்ணப்பட்டது பெரிய மர அணில். எங்கள் வேலியில் ஓடுகிறது அதுவல்ல.

15. அணில் வாலைச் சுண்டிச் சுண்டி, ஓரிடத்தையே பார்த்து விடாமல் கத்தினால் அங்கே பூனை நிற்கும், அல்லது பாம்பு கிடக்கும். முற்றத்தில் விளையாடுகிற பிள்ளைகளைத் திண்ணையில் ஏற்றிவிட்டு, அது பார்க்கிற திசையில் நீங்களும் பாருங்கள். விறகுக் குவியலைப் பார்த்துக் கத்துகிறதென்றால் அன்றைக்கு அதில் கை வைக்காமல், அடுப்புக்கு வேறு வழி பாருங்கள்.